ஆயிரத்து நானூற்றுப் பதினெட்டுத் தேடல்கள்

பாஸ்வேர்டு அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். சம்பளப் பட்டியலில் அது அச்சாகியும் இருக்கும். ஆனால் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் பதினொரு வருடமாக அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. என்னைவிட நான்கு வயது சின்னவர்தான், இருந்தாலும் எனக்கும் அக்கா. அவர் என்னை அண்ணே என்பார். இப்படி ஆளுக்கு ஆள் மூத்தவராக இருந்துகொண்டு காலத்தை ஓட்டுகிறோம்.

நான் முன்வாசல் கவுன்டரில் புத்தகம் கொடுத்து வாங்குகிறவன். நூலகமே கணினிக்குள் போய்விட்டது என்று யாராவது பெருமையடித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி உள்ளே போன நூலகத்தைக் கட்டி மேய்ப்பவர்தான் அக்கா. மொத்தம் முப்பத்தெட்டு டேட்டாபேஸ். மருத்துவம், சட்டம், பாலம் கட்டுவது, பூச்சி, மண், பழைய செய்தித்தாள் என்று உலகத்தில் யார் எதை ஆராய்ந்து எழுதினாலும் அது ஏதோ ஒரு கம்பெனியின் பூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பல்கலைக்கழகம் வருடச் சந்தா கட்டினால் பூட்டு திறக்கும். சாவிக்கொத்து அக்கா கையில்.

காலை எட்டரைக்கு, நான் முன்கதவைத் திறப்பதற்கு அரை மணி முன்பே, அவர் முப்பத்தெட்டையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். எது எழுந்திருக்கிறது, எது இன்னும் படுத்துக் கிடக்கிறது என்று ஒரு நோட்டில் டிக் போடுவார். உள்ளே போய் எதையும் தேட மாட்டார். தேடினால் அது பயன்பாட்டுக் கணக்கில் ஏறிவிடுமாம். "கதவு திறக்குதான்னு மட்டும் பார்க்கணும் அண்ணே. உள்ள போய் உட்காரக் கூடாது" என்பார்.

ஒன்பது மணிக்குத் தொலைபேசி ஆரம்பிக்கும்.

"அக்கா, பாஸ்வேர்டு எடுக்கவே மாட்டேங்குது."

"கீபோர்டுல கேப்ஸ் லாக் லைட் எரியுதா பாருங்க."

கீபோர்டை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்கும். பிறகு சன்னமாக, "எரியுது."

"அணைச்சிட்டு இன்னொரு தடவை போடுங்க."

ஒரு நாளைக்கு இப்படிப் பத்து. சட்டத்துறையின் பெரிய பேராசிரியர் ஒருவர் வாரம் தவறாமல் கூப்பிட்டு, "எங்க ரூம்ல இன்டர்நெட் தீர்ந்து போச்சும்மா" என்பார். அக்கா ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. "புதுசா அனுப்பறேன் சார், ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, இருந்த இடத்திலிருந்தே அவர் கணினியைச் சரிசெய்வார். நானாக இருந்தால் அந்தப் பேராசிரியரிடம் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஒருமுறை ஆராய்ச்சி மாணவன் ஒருத்தன் ஏதோ ஒரு மென்பொருளை ஓடவிட்டு, தொள்ளாயிரம் கட்டுரைகளைத் தானாக இறங்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். கம்பெனிக்காரன் திருடன் புகுந்துவிட்டான் என்று பயந்து பல்கலைக்கழகம் முழுவதற்கும் கதவைச் சாத்திவிட்டான். ஒரே அமளி. துறைத்தலைவர்கள் எல்லாரும் என் கவுன்டரில் வந்து கத்தினார்கள். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அக்கா மட்டும் பதறாமல் உட்கார்ந்து எந்தக் கணினி என்று கண்டுபிடித்து, நேராக டீக்கடைக்கே போய் அவன் தோளைத் தட்டினாராம். "தம்பி, தொள்ளாயிரத்தையும் படிச்சு முடிச்சாச்சா?" பையன் அழுதே விட்டான். அக்கா மன்னிப்புக் கடிதம் எழுதி நான்கு மணிக்குள் பூட்டைத் திறக்க வைத்தார். அவன் யார் என்று நான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

அவருடைய மகள் வேறொரு ஊரில் நர்சிங் படிக்கிறாள். அவள் கல்லூரியில் இவ்வளவு வசதி கிடையாது. "அம்மா, உன் பாஸ்வேர்டை மட்டும் குடும்மா, ஒரே ஒரு கட்டுரை" என்று அவள் கெஞ்சியதை நான் என் காதாலேயே கேட்டேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "இது இந்தப் பல்கலைக்கழகத்து ஆளுங்களுக்குத்தான்டி. நீ இந்தப் பல்கலைக்கழகமா?" என்றார் அக்கா. மகள் கோபத்தில் போனை வைத்துவிட்டாள். அக்கா உடனே அந்தக் கட்டுரையை எழுதிய டாக்டரின் முகவரியைத் தேடிப் பிடித்து, மகளுக்கு ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்று எழுதினார். டாக்டர் மறுநாளே அனுப்பிவிட்டார். இதை நேர்மை என்பதா பிடிவாதம் என்பதா, எனக்குத் தெரியவில்லை.

அக்காவின் அறை தரைத்தளத்தில், சர்வர் அறையைத் தாண்டி, தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. அவர் வேலையில் ஒரு கோளாறு உண்டு. அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ அவ்வளவு குறைவாகத்தான் ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். எல்லாம் ஒழுங்காகத் திறந்தால் மாணவர்கள் வீட்டில் படுத்துக்கொண்டே படித்துவிடுகிறார்கள். என் கவுன்டரில் ஒரு நாளைக்கு இருநூறு முகம் பார்ப்பேன். அக்கா பார்ப்பது தன் முகம் ஒன்றைத்தான், அதுவும் திரை அணைந்திருக்கும்போது. வீட்டிலும் அப்படித்தான். கணவர் வெகுதூரத்துத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், மாதத்தில் மூன்று நாள் வருவார். மதியச் சாப்பாட்டைக்கூட அக்கா அந்த அறையிலேயே தனியாகச் சாப்பிட்டு முடித்துவிடுவார். நாங்கள் மாடியில் கும்பலாகச் சாப்பிடுவோம். வாருங்கள் என்று பத்து வருடத்தில் ஒரு தடவைகூட நாங்கள் கூப்பிட்டதில்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

போன வருடம் இரண்டாவது மாதத்தில் அது மாறியது. சரித்திரத் துறை அடம்பிடித்துப் பழைய செய்தித்தாள் டேட்டாபேஸ் ஒன்றை வாங்க வைத்தது. அறுபது, எழுபது வருடத்துக்கு முந்தைய பத்திரிகைகள், பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்டது. அக்கா ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா ஒரு வார இதழைப் புரட்டினார். அதில் ஒரு தொடர்கதையின் முதல் வாரம். ஒரு கடிகாரக் கடைக்காரன். எதிர்க்கடையில் ஒரு தையல்காரி. இருவருக்கும் ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருநாள் ரிப்பேருக்கு வந்த சுவர்க் கடிகாரத்தைத் திறந்தால் உள்ளே மடித்து வைத்த ஒரு கடிதம், மேலே தையல்காரியின் பெயர். அத்தோடு 'தொடரும்' போட்டுவிட்டான்.

அந்த நேரம் பார்த்துத் தரை துடைக்க வந்தவர் சின்னம்மா. நூலகத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர், வயதில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், நாக்கில் நரம்பே கிடையாது. அக்கா அவரிடம் கதையைச் சொன்னார். சின்னம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு முழுவதும் கேட்டுவிட்டு, மறுநாள் ஒரு மணிக்குத் தன் டப்பாவோடு வந்து உட்கார்ந்து, "அப்புறம்?" என்றாராம். அடுத்த வாரம் வாசலில் பை சோதிக்கிற வாசல்காரர் போனார். "கீழ என்னய்யா இவ்வளவு சிரிப்பு, இது நூலகமா சந்தைக்கடையா?" என்று சண்டை பிடிக்க நான் இறங்கிப் போனேன். போனவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதிலிருந்து மதியம் ஒரு மணி என்றால் அக்காவின் மேஜைதான். ஒரு நாளைக்கு ஒரு பாகம். ரொட்டியைப் பிய்த்தபடி அக்கா சொல்லச் சொல்ல, நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம். கடிகாரக்காரன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டானா என்று வாசல்காரர் மேஜையைக் குத்துவார். அக்காவை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை. கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு, குரலை மாற்றி மாற்றிப் பேசுவார். தையல்காரிக்கு ஒரு குரல், லாரி ஓட்டும் அவள் அண்ணனுக்கு ஒரு குரல்.

இதற்கு நடுவில் வருடக் கடைசி வந்தது. சந்தா புதுப்பிக்கிற காலம். முன்பெல்லாம் எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்கிற குழுக்கூட்டம் அடிதடிக்குப் போகாத குறை. ஒவ்வொரு பேராசிரியரும் தன் துறையின் டேட்டாபேஸ் இல்லாவிட்டால் நாடே குட்டிச்சுவர் ஆகிவிடும் என்பார். அதை ஒழித்தவர் அக்காதான். ஆறு வருடத்துக்கு முன் அவர்தான் அந்த விதியை எழுதிக் கொடுத்தார். யாரும் பேச வேண்டாம், வருடத்தில் எத்தனை முறை தேடினார்கள், திறந்தார்கள் என்று கம்பெனிகள் அனுப்பும் எண்ணிக்கையைப் பார்க்கலாம், குறைக்க வேண்டி வந்தால் கடைசியில் இருப்பது போகட்டும் என்று. அன்றிலிருந்து கூட்டம் அரை மணியில் முடிகிறது.

இந்த முறை ஒன்றைக் குறைத்தே ஆக வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. பட்டியலை அக்கா அச்செடுத்து மேஜையில் வைத்திருந்தார். முப்பத்தாறுக்குக் கவலை இல்லை, எல்லாம் ஆயிரக்கணக்கில், பத்தாயிரக்கணக்கில். கடைசி இரண்டு மட்டும்தான் பாக்கி. பழைய செய்தித்தாள், ஆயிரத்து ஐந்நூற்று முப்பது. மண்ணியல், நானூற்றுப் பன்னிரண்டு.

"நம்ம கதை தப்பிச்சுது!" என்று கத்தினார் வாசல்காரர்.

அக்கா டப்பாவைத் திறக்கவே இல்லை. "இந்த ஆயிரத்து ஐந்நூற்று முப்பதுல, ஆயிரத்து நானூற்றுப் பதினெட்டு என் கம்ப்யூட்டர்ல இருந்து போயிருக்கு" என்றார்.

சரித்திரத் துறை மொத்தமும் சேர்ந்து பயன்படுத்தியது நூற்றுப் பன்னிரண்டு முறை. அடம்பிடித்து வாங்கியவர்களின் லட்சணம் அது.

"அதனால என்ன?" என்றார் சின்னம்மா. "நீ படிச்சா அது படிப்பில்லையா? உனக்குக் கண்ணு இல்லையா?"

"நான் மனசாரத்தான் படிச்சேன் சின்னம்மா. ஆனா சந்தா கட்டுறது ஆராய்ச்சிக்கு. நான் படிச்சதை வச்சு மண்ணுக்காரங்களது போனா, அது தப்பு."

"யாருக்கும் தெரியப் போறதில்ல. கம்பெனி எண்ணை மட்டும்தான் அனுப்புது. எந்தக் கம்ப்யூட்டர்னா போட்டிருக்கு?" இது வாசல்காரர்.

நான் சொன்னதுதான் இருப்பதிலேயே கேவலம். "மண்ணு எங்க ஓடிப் போகுது அக்கா? அடுத்த வருஷம் வாங்கிக்கட்டும்" என்றேன்.

அன்று பிற்பகலே எனக்குச் சரியான அடி விழுந்தது. மண்ணியலில் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி கவுன்டருக்கு வந்தாள். உப்பு ஏறிப்போன வயல்களை மறுபடி விளைய வைப்பது அவள் ஆராய்ச்சி. நான்கு மாதத்தில் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். "அண்ணா, எங்களுதை எடுக்கப் போறாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா? அந்த நானூறுல முந்நூறு நான் தேடினதுதான்" என்றாள். தெரியாதும்மா என்று பச்சைப் பொய் சொல்லி அனுப்பினேன்.

குழுக்கூட்டத்தில் குறிப்பெழுதுவது என் வேலை. அதனால் மறுநாள் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். தலைவர் கணிதப் பேராசிரியர், எண்களைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். பட்டியலின் கடைசி வரியைப் படித்தார். "மண்ணியல். நீக்கப்படுகிறது." மண்ணியல் பேராசிரியர் சத்தம் போடவில்லை. விதி விதிதானே. காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார். அக்கா அதற்கு முன்பே எழுந்து நின்றார்.

"ஐயா, எண்ணிக்கையில ஒரு திருத்தம் இருக்கு. பழைய செய்தித்தாள்ல ஆயிரத்து நானூற்றுப் பதினெட்டைக் கழிச்சிடுங்க. அது நான் பண்ணினது."

"என்ன தேடினீங்க?"

"ஒரு கதை."

அறையில் சிரிப்பு எழுந்தது. சரித்திரப் பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. தலைவர் பேனாவை எடுத்துக் கழித்துப் பார்த்தார். "நூற்றுப் பன்னிரண்டு. பழைய செய்தித்தாள் நீக்கப்படுகிறது. மண்ணியல் தொடரும்." எங்கள் தலைமை நூலகர் முகம் கறுத்துவிட்டது. எழுத்துமூலம் விளக்கம் கொடுங்கள் என்று அங்கேயே சொன்னார். அக்கா தலையாட்டினார். உட்கார்ந்தபோது அவர் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். அதை நான் குறிப்பில் எழுதவில்லை.

செய்தி பரவியது. ஒரு வாரம் வளாகம் முழுக்க அவருக்குக் கதையக்கா என்று பெயர். சட்டத்துறைப் பேராசிரியர்கூட போனில், "இன்னிக்கு என்னம்மா கதை?" என்று கேட்டாராம். விளக்கக் கடிதத்தை அக்கா நான்கே வரியில் எழுதிக் கொடுத்தார். மாதக் கடைசியில் பழைய செய்தித்தாள் மூடப்படும் என்று கம்பெனியிடமிருந்து தகவலும் வந்துவிட்டது.

எங்களுக்கு ஒரே துக்கம். கடைசி நாளில் சின்னம்மா நேராகவே கேட்டார், "நாளைக்கு என்ன பண்ணுவ?" அக்கா, "வாங்க, பார்க்கலாம்" என்றார். மறுநாள் காலையில் நான் வேலைமெனக்கெட்டு என் கணினியில் போட்டுப் பார்த்தேன். பழைய செய்தித்தாள் பட்டியலில் இல்லை. ஆனால் ஒரு மணிக்குக் கீழே போனால், அக்கா கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் ஒரு காகிதத்தோடு அடுத்த பாகத்தை ஆரம்பித்துவிட்டார். முன்கூட்டியே அச்செடுத்து வைத்திருக்கிறார், கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே நான்கு நாள் போனது.

ஐந்தாவது நாள் காலையில் குழுக்கூட்டக் குறிப்பைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். ஆயிரத்து நானூற்றுப் பதினெட்டு என்று எழுதும்போது கை நின்றது. ஒரு நாளைக்கு ஒரு பாகம். வேலை நாட்கள் எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் இருநூற்று இருபதைத் தாண்டாது. பாக்கி ஆயிரத்து இருநூறு எதற்கு? அப்புறம்தான் அதைவிடப் பெரிய சந்தேகம் வந்தது. எந்த வார இதழாவது ஒரே கதையை இருநூற்று இருபது வாரம் போடுமா? ஒரு வருடமாக இது எனக்கு உறைக்கவில்லை. புத்தகம் புத்தகமாகக் கையாண்டு என்ன பிரயோஜனம்!

மதியம் அக்கா கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் கையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தேன். அது அந்த முப்பத்தெட்டு டேட்டாபேஸின் பட்டியல். கதை ஒரு வரிகூட இல்லை.

"அக்கா, அந்தக் கதை நிஜமா எத்தனை வாரம் வந்துச்சு?" என்று கேட்டேன். நான் ரகசியமாகக் கேட்டிருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி கிடையாது.

அக்கா காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். "நாற்பத்தோரு வாரம்" என்றார். "அதோட பத்திரிகையே நின்னு போச்சு. கதையை முடிக்கல. எழுதினவர் பேரைப் போட்டுத் தேடினேன், கடிகாரக்காரன் பேரைப் போட்டுத் தேடினேன். வேற பத்திரிகையில மிச்சத்தை எழுதியிருப்பாரோன்னு ஒவ்வொரு பத்திரிகையா, ஒவ்வொரு வருஷமா தேடினேன். தினமும் அஞ்சு தடவை, ஆறு தடவை. கிடைக்கவே இல்ல."

"அப்போ இத்தனை நாளா சொன்னது?" என்றார் வாசல்காரர்.

"நானா சொன்னதுதான்."

வாசல்காரர் எடுத்த கவளத்தைத் திரும்ப டப்பாவில் போட்டார்.

"கதை நின்னு போச்சுன்னு சொன்னா, எல்லாரும் டப்பாவை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிடுவீங்க. நான் மறுபடியும் ஒத்தையில உட்கார்ந்து சாப்பிடணும். பத்து வருஷம் அப்படிச் சாப்பிட்டாச்சு, இனிமே முடியாதுன்னு தோணிச்சு." அக்கா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார், அழுகிறதை மறைக்க அது போதவில்லை. "குழுவுக்கு முன்னால நின்னு சொல்றது எனக்குச் சுலபமாத்தான் இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லத்தான் பயம்."

பத்து வருடமாக மாடியிலிருந்து ஒரு குரல் கொடுத்துக் கூப்பிட எங்களுக்கு என்ன கேடு வந்தது என்று என்னையே திட்டிக்கொண்டேன். எதையாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சின்னம்மா முந்திக்கொண்டார். அப்படி ஒரு கோபத்தில் நான் அவரைப் பார்த்ததில்லை.

"அப்போ தையல்காரியோட அண்ணனைக் கொன்னது நீதானா?"

அக்கா திகைத்துப் போனார். "எந்த... அந்த லாரி டிரைவரா?"

"போன மாசம் பாலத்துல இருந்து விழுந்து செத்தானே, அவன்தான். எவ்வளவு நல்ல மனுஷன். தங்கச்சிக்காக எவ்வளவு பாடுபட்டான். அவனை ஏன் கொன்ன?"

"அன்னிக்கு எனக்கு வேற எதுவும் தோணல சின்னம்மா. காலையில இருந்து ஒரே போன் வேற."

"தோணலன்னா ஒரு ஆளைக் கொன்னுடுவியா? நான் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல, தெரியுமா? எவனோ பழைய காலத்துல எழுதி வச்சுட்டான், விதின்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இப்போ பார்த்தா கொலைகாரி பக்கத்துலயே உட்கார்ந்து ரொட்டி தின்னுட்டு இருக்கா!"

வாசல்காரர் மேஜையைக் குத்திச் சிரிக்க ஆரம்பித்தார். அக்கா சிரிப்பும் அழுகையுமாகப் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அவனைத் திரும்பக் கொண்டு வா" என்றார் சின்னம்மா.

"செத்தவனை எப்படி சின்னம்மா கொண்டு வர்றது? அடக்கம்கூடப் பண்ணியாச்சு."

"அது உன் பாடு." சின்னம்மா தன் டப்பாவிலிருந்த ஒரு முட்டையை எடுத்து அக்காவின் டப்பாவில் வைத்தார். "நல்லா யோசி. ஒரு வாரம் வேணும்னாலும் எடுத்துக்கோ. நாங்க எங்கயும் போகல, இங்கதான் இருப்போம்."